எடை மேடையில் சம்பந்தியம்மா

நல்ல எண்ணத்தோடு செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பதுதான் கடினம். கெட்ட எண்ணத்தோடு செய்தவன், "புத்தி கெட்டுப்போச்சு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். புத்தியோடு, கணக்குப் போட்டு, அக்கறையாகச் செய்தவன் என்ன சொல்வது? பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் தவறு அந்த வகை.

என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். மசில் கார் என்பார்கள். (மனைவி கமலம் அதை என் சின்ன வீடு என்பாள்.) ஒரு மில் குடும்பத்து ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை வாங்கி, உயிர் கொடுத்து ஓடவைத்தேன்.

மகள் நித்யாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரக் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா சரஸ்வதியை அந்தக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நல்ல கனத்த உடம்பு. அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டது போலத் தாழ்ந்தது. அவர் தெரு வேகத்தடையில் சைலன்சர் 'கர்ர்ர்' என்று உரசியது.

"என்னாலதானுங்ணா" என்று சிரித்தார். "இனிமே நான் பஸ்லயே போய்க்கறனுங்க. பாவம், வண்டி முக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இறங்கியதும் குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். ஏதோ உடைத்துவிட்டவர் பார்க்கிற பார்வை. அது என்னை உறுத்தியது. கல்யாணத்தன்று இதே காரில் அவரை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும், வேகத்தடை வந்ததே தெரியக்கூடாது, அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இன்னொரு முறை வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கோவை உக்கடத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் ஜப்பார் பாயிடம் போனேன். காரின் பின்பக்கத்தைத் தாங்குவது, வில்லாக வளைந்து அடுக்கடுக்காக இருக்கும் இந்த இரும்புப் பட்டைகள்தான். பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"வளைவே இல்லீங்க சார், படுத்துருச்சு. புதுசா கட்டிரலாம். ஆனா வண்டி காலியா நிக்கறப்ப மட்டமா இருக்கோணுமா, ஆள் ஏறுனப்பறம் மட்டமா இருக்கோணுமா?"

"ஆள் ஏறுனப்பறம்."

"அப்ப பின்னாடி எவ்வளவு லோடுன்னு சொல்லுங்க. கம்மியாச் சொன்னா மறுக்கா உரசும். சாஸ்தியாச் சொன்னா வண்டி எந்நேரமும் பின்னாடி தூக்கிட்டே நிக்கும், உள்ள இருக்கறவங்க தலை கூரையில இடிக்கும். குத்துமதிப்பாச் சொன்னாப் போதுமுங்க."

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் விடைத்தாளில் குத்துமதிப்பைக் கண்டாலே சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை இது. சம்பந்தியம்மாவிடம் நேராக எடை கேட்பது அநாகரிகம் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன். (நேராகவே கேட்டிருக்கலாம். ஒரு முகச்சுளிப்போடு போயிருக்கும்.)

முகூர்த்தப் பட்டு எடுக்கும் நாளில் நானும் கமலமும் பொள்ளாச்சிக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டோம்.

"முன்னால உக்காருங்க" என்று கமலம் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

"பின்னாடிதான் காத்தோட்டமா இருக்கும்" என்றேன் நான். இரண்டு கதவுக் காரின் பின்சீட்டில் காற்றோட்டமாம்! முன்சீட்டை மடக்கியதும், அவர் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, புடவை கசங்க உள்ளே போனார்.

கிணத்துக்கடவு தாண்டி, கொப்பரை லாரிகளை நிறுக்கும் ஓர் எடை மேடை உண்டு. "வண்டியில ஒரு சின்ன சோதனைங்க, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி, பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தினேன். இன்று ஓர் எடை, நாளை காலி வண்டியோடு வந்து இன்னோர் எடை, கழித்தால் விடை. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அங்கே வெளியில் ஒரு பெரிய பலகை இருப்பதும், அதில் சிவப்பு எண்கள் எரிவதும் எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கி இருப்பதும் தெரியாது.

"கார்க்காரருங்க! லோடு வெயிட் வந்துருச்சுங்க. லோடை எறக்கிப்போட்டு வாங்க, எம்ப்டி வெயிட் போட்டுக்கலாம்!"

பின்னால் நின்ற லாரி டிரைவர் தலையை நீட்டி, "காருக்குள்ள என்னங்ணா லோடு, கொப்பரையா?" என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். சரஸ்வதியம்மா அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, அது என்ன நம்பருங்க?"

எத்தனையோ பொய்கள் கைவசம் இருந்தன. வாத்தியார் வாய் கேட்குமா?

"அது முழுக்க உங்களோடது இல்லீங்க. பெரும்பகுதி காரோடது. காலி எடையைக் கழிச்சுட்டா உங்களோடது மட்டும் தனியா வந்துருமுங்க."

கமலம் தலையில் கை வைத்தாள்.

"கழிச்சுப்போடுங்ணா" என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. "அண்ணி, அந்தச் சீட்டைக் கொஞ்சம் மடக்குங்க."

இரண்டு கதவுக் காரிலிருந்து வெடுக்கென்று கோபித்துக்கொண்டு இறங்கக்கூட முடியாது. கமலம் இறங்கிச் சீட்டை மடக்க, அவர் ஒரு காலை வெளியே வைத்து, நான் உட்கார்ந்தபடியே நீட்டிய கையைத் தொடாமல் கதவைப் பிடித்து எழுந்தார். அவர் இறங்க இறங்க, பலகையில் எண் இறங்கியது.

"எம்ப்டி வந்துருச்சுங்க! நன்றிங்க!" என்றது ஒலிபெருக்கி.

எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். (கமலமும் இறங்கிவிட்டாளே, அந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று அந்த நேரத்திலும் மனம் கணக்குப் போட்டது. அப்படிப்பட்ட பிறவி.)

"நான் பஸ்ல வாரேனுங்க" என்று அவர் சாலையைக் கடந்தார். கமலமும் கூடப் போனாள். கோவை வரை அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

கடையில் அவர் எல்லோரோடும் சிரித்துப் பேசி, நித்யாவுக்கு நல்ல அரக்கு நிறப் பட்டாக எடுத்துக் கொடுத்தார். நித்யா என்னை ஓரமாக இழுத்தாள்.

"என்னப்பா பண்ணுனீங்க? அத்தை கண்ணு செவந்திருக்குது."

மன்னிப்புக் கேட்கப் போனேன். "தப்பு பண்ணிப்போட்டேன் தங்கச்சி. வண்டி உரசுனா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

"தெரியுமுங்ணா. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க."

அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

"பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னாடி மாமியாளை எடை போட்டுப் பாத்த மொத ஆளு நீங்கதானுங்க" என்றாள் கமலம், அன்று வீடு திரும்பியதும்.

பாய் அந்த எடைக்கே கச்சிதமாகப் பட்டை கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று சரஸ்வதியம்மா சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை என் கார் பின்பக்கத்தைத் தூக்கி, மூக்கைத் தாழ்த்திக் குனிந்தே நிற்கிறது. சரவணம்பட்டிப் பக்கம் போனால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் சூழ்ந்துகொண்டு, "செம ஸ்டைல் சார், வேணும்னே இப்படி ஏத்துனீங்களா?" என்று படம் எடுக்கிறார்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்தால் மட்டமாகிவிடும் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கதையை இப்போது விசேஷத்துக்கு விசேஷம் சொல்பவர் சரஸ்வதியம்மாதான். ஒலிபெருக்கிக் குரலை அப்படியே பேசிக் காட்டுவார். போன மாதம் எங்கள் வீட்டில் பேத்திக்குக் காது குத்தியபோதும் சொன்னார். பந்தி முடிந்து கிளம்பியவரிடம், எப்போதும்போல நான் எழுந்து, "வாங்க தங்கச்சி, ஊட்டுல கொண்டுபோயி விட்டர்றேன்" என்றேன்.

"எதுக்குங்ணா? லோடு ஆட்டோ சொல்லியாச்சு!"

வீடே சிரித்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். நானும் சிரித்தேன். பிறகு, கையில் எடுத்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.