டைம்பீஸ் அண்ணனின் இருபது நிமிடம்

டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிப் பீரங்கி வைத்தும் பழவேற்காட்டு ஏரிக்காரர்களை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க முடியவில்லை. அதைச் சாதித்தவர் எங்கள் படகில் வலை இழுத்த டைம்பீஸ் அண்ணன்.

அவருக்குப் பத்து வருட இடுப்பு வலி. தைலம், மந்திரம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு தெரபிஸ்ட் அம்மா, "வலி முழுசா போவாது. ஆனா வந்தப்புறம் உக்காராதீங்க, வர்றதுக்கு முன்னாடியே உக்காருங்க. இருபது நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வு" என்று சொல்லி, இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி வலை இழுக்கவும் பழக்கிவிட்டார். அண்ணன் நேராகக் கடைக்குப் போய் ஒரு டைம்பீஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. மணி அடித்தால் எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை பாடை தூக்கிப் போகும்போது அடித்தது. "இறக்குங்கப்பா" என்றார். ஊரே முறைத்தது.

"அவருக்கு இனிமே இன்னா அவசரம்?" என்றார்.

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். பாதியில் உட்காருகிறவருக்குப் பாடு எதற்கு என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. பாடு வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அவர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். தெரிந்தும், எடுக்கலாம் என்று முதலில் கை தூக்கியவன் நான்.

"ஒரு பாடு முழுக்க இழுத்துக் காட்டட்டும், பாக்கலாம்" என்றார் தலைவர்.

அன்றைக்கு மணி அடிக்க அடிக்க அண்ணன் உட்கார்ந்தார், எழுந்தார், இழுத்தார். நான் வீம்புக்கு நிற்காமல் இழுத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இறால் மாதிரி வளைந்தவன் நிமிரவே இல்லை.

அண்ணன் டைம்பீஸைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நீ உக்காரு நைனா. அடிச்சா சொல்லு." என் பங்கையும் அவரே இழுத்தார், இருபது இருபது நிமிடமாக.

கரையில் தலைவர், "பாதியில எவன்யா உக்காந்துட்டது?" என்றார். அண்ணன் முட்டியை மடக்கி வலையை உதற ஆரம்பித்தார். இந்த முறையும் முதலில் கை தூக்கியவன் நான்தான். வரிசையில் அவர் பெயர் நிலைத்தது. அடுத்த மாதமே இன்னும் நாலு படகில் டைம்பீஸ் தொங்கியது.

இப்போது மீஞ்சூரில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறேன்; அதே இடுப்பு. அண்ணன் போன பிறகு அண்ணி கொடுத்தனுப்பிய டைம்பீஸ் மேஜையில் இருக்கிறது. அது அடித்தால் எழுந்து நிற்பேன். வீட்டில் இடுப்புக்காக என்று சொல்லியிருக்கிறேன். பாதி அண்ணனுக்காக.