தப்பென்று சொல்லத் தெரியாத வெரி குட் சார்

உலகத்தில் எதையும் யாரையும் தப்பு என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதரோடு நான் மரக்காணத்தில் ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த 'வெரி குட் சார்' ஒட்டிக்கொண்ட பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஓசூரில் பேக்கரி, நெல்லூரில் இறால் பண்ணை என்று சுற்றி, கடைசியில் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்ற வந்து சேர்ந்திருந்தேன். மூட்டை சுமந்தால் தோள் புண்ணாகும், புண்ணில் உப்பு படும். அந்த வேலை அப்படித்தான். அவர் பி.எட். மாணவர். ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துப் பழகக் கல்லூரி அனுப்பியிருந்தது. தனியாக வாடகை கட்ட இருவருக்கும் வழியில்லாததால் அறையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

கல்லூரியில் அவருக்கு 'வலுவூட்டும் திறன்' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதில் சொல்லும் பிள்ளையைப் பாராட்ட வேண்டும், அப்போதுதான் அது மறுபடியும் வாயைத் திறக்கும். மற்றவர்கள் இதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள். இவர் வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

"மீன் எதால சுவாசிக்குது?"

"வாலால சார்."

"வெரி குட். வேற யாரு?"

"தண்ணிக்குள்ள எப்டி சார் மூச்சு வுடும்? அது வுடாது."

"வெரி குட். உக்காருப்பா."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கணக்கு வகுப்பில் வாயே திறக்காதவனெல்லாம் இவர் வகுப்பில் இரண்டு கையையும் தூக்கினான். வகுப்பு ஆசிரியையோ, பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டால் எல்லா ஆசிரியர்களும் செய்வதைப் போல, ஓய்வறையில் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக இருந்தார்.

வெரி குட் வகுப்போடு நிற்கவில்லை. பாடத்துக்காகப் பெரிய தெர்மோகோல் இதயம் ஒன்றைச் செய்து, புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க இது?"

"இதயம்ங்க."

"யாரோடது?"

"பொதுவா, மனுஷனோடது."

"ரெண்டு ஆள் சீட்ட அடைச்சிக்கினு இருக்குது. லக்கேஜ் போட்டுத்தான் ஆவணும்."

"வெரி குட்."

கிண்டல் என்று நினைத்த கண்டக்டர் எக்கியார்குப்பம் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இதயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தவரைக் கடற்காற்று இதயத்தோடு சேர்த்துத் தூக்கி ஓர் உப்புப் பாத்தியில் உட்கார வைத்தது. அறைக்கு வந்தபோது வேட்டி வெள்ளையாய்க் காய்ந்து அட்டைபோல நின்றது. "காத்து நல்லா அடிக்குது தம்பி" என்றார். காற்றையும் அவர் குறை சொல்லவில்லை.

பிறகு அவருடைய பேராசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தார். இதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு பெண் "வயித்துல சார்" என்றது. "வெரி குட்" என்றார் இவர். பேராசிரியர் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்பா, இதயம் வயித்துல இருக்குதுன்றது வெரி குட்டா?"

"முயற்சி பண்ணுச்சுங்க ஐயா."

"தப்ப தப்புன்னு சொல்லத் தெரியாதவனுக்கு எதுக்குப்பா வாத்தியார் வேல? அடுத்த வாரம் வருவேன். ஒரு தப்பயாவது நீ தப்புன்னு சொல்லி நான் கேக்கணும். இல்லன்னா அடுத்த வருஷம் மொதல்லேருந்து வா."

அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. அவர் அண்ணன் ஒரே வருஷப் படிப்புக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் செஞ்சிப் பக்கம் அண்ணனுடைய கடலை உடைக்கும் மெஷினில் போய் நிற்க வேண்டும். அந்தச் சத்தத்தில் வெரி குட் சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

அன்று சாயங்காலமே பயிற்சி தொடங்கியது. வகுப்பு நான்.

"ரெண்டும் ரெண்டும் எவ்ளோ?"

"அஞ்சு சார்."

"த..." என்று ஆரம்பிப்பார். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். "த... தம்பி, வெரி குட்."

வாரம் முழுக்க இதேதான். "முடியல தம்பி. புள்ளைங்க மூஞ்சி சுருங்கிடும்" என்றார்.

"அப்ப எங்கிட்ட சொல்லுங்க சார். மேஸ்திரி தெனமும் சொல்றாரு. இதுக்கு மேல சுருங்க என் மூஞ்சில எடமில்ல."

அப்படித்தான் திட்டம் உருவானது. நான் கடைசி பெஞ்சில் மாணவனாக உட்கார வேண்டியது. இதயத்துக்கு எத்தனை அறை என்று அவர் கேட்க, நான் எழுந்து "ஒண்ணு" என்று சொல்ல வேண்டியது. அவர் தப்பு என்பார். பேராசிரியர் போய்விடுவார்.

மீசையை எடுத்தேன். யூனிபார்ம் சட்டை இரவல். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். "அண்ணா, மீச இல்லாம எங்க சித்தி மாதிரியே கீற" என்றான் ஒருவன். பேராசிரியர் நேராக வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

இதயத்துக்கு எத்தனை அறை என்று சார் கேட்டார். எழுந்தேன். நான் படித்த காலத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றதுதான் அதிகம். பதில் தெரிந்து எழுந்து நின்றதே இல்லை. இப்போதோ ஒரு வாரமாக அந்த இதயம் என் தலைமாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

"நாலு சார். மேல ரெண்டு, கீழ ரெண்டு."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்கத் தொண்டையில் சிக்கியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"தப்பு. உக்காரு."

தலைமையாசிரியர் அறை வரைக்கும் கேட்டிருக்கும். முன் பெஞ்சிலிருந்து, இதயம் வயிற்றில் இருக்கிறது என்ற அதே பெண் எழுந்தது.

"சார், அவரு சொன்னது கரெக்ட்டு சார்."

"நீங்கதான சார் நாலுன்னீங்க?" என்றது இன்னொரு குரல்.

ஒருவன் ஓடிப்போய் தெர்மோகோல் இதயத்தில் விரலை விட்டு எண்ணியே காட்டிவிட்டான். சார் கண்ணைத் திறந்தார். மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரைக்கும் வந்தார். பேராசிரியர் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"மன்னிச்சுக்க தம்பி. நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

கடலை மெஷின் ஓடும் சத்தம் எனக்கு அங்கேயே கேட்க ஆரம்பித்தது. மணியடித்ததும் பேராசிரியர் பேனாவை மூடினார்.

"ஒரு தப்ப தப்புன்னு சொல்லணும்னு சொன்னேன். சொல்லிட்ட. யாரோடதுன்னு நான் சொல்லல. போ, பாஸு."

பிள்ளைகள் ஆசிரியரையே மடக்கியதை 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று எழுதியும் வைத்தார். போகும்போது என் முதுகில் தட்டி, "நல்லா படிக்கிற. டென்த்தோட நிறுத்திடாதப்பா" என்றார். "சரிங்க சார்" என்றேன். மறுநாள் காலையில் லாரிக்குப் போனேன்.

பயிற்சி முடிந்து அவரும் ஊருக்குப் போனார். நானும் மழைக்கு முன்னால் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். இப்போது எங்கே வாத்தியாராக இருக்கிறாரோ, தெரியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளின் பதில்களுக்கு நான் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு பல ஊர்களில் பல பேர் என்னைத் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் சொன்னது சரிதான். மீதிப் பேரில், கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.