வால் நுனியில் ஒரு கொத்து

"நிக்குது! வால்ல இன்னும் நிக்குது!" என்று ஓடும் காரின் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார் எர்சிலியோ.

மிலான் நெடுஞ்சாலையில் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது அவர் வரைந்த புதுக் கார். நீர்த்துளி போன்ற உடல், அதன் மேல் நானூறு கறுப்புக் கம்பளி நூல் துண்டுகள். காற்று வழுக்கிப் போகும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். காற்று முரண்டு பிடித்தால் எழுந்து நிற்கும். எல்லாம் சமர்த்தாகப் படிந்திருக்க, வால் நுனியில் மட்டும் ஒரு கொத்து சிலிர்த்து நின்றது.

இருபது வருஷம் அடுத்தவர் வரைந்த பெட்டிக் கார்களுக்குத் தகடு தட்டியவர் எர்சிலியோ. சொந்தமாக வரைந்தது இது ஒன்றுதான். சனிக்கிழமை கோமோ ஏரிக்கரைப் போட்டி. முதலாளி கலிம்பெர்த்தி கறாராகச் சொல்லியிருந்தார்: "ஒரு நூல் நின்னாலும் நீ பழையபடி சுத்தியலைத் தூக்கு."

பட்டறைக்குத் திரும்பியதும் எர்சிலியோ உத்தரவு போட்டார். "வாலை ஒரு முழம் நீட்டுங்க!"

நீட்டினார்கள். நூல் ஒட்டுவது சீட் தைக்கும் ஆர்ஜியாம்மாவின் வேலை. குதிரைமுடி அடைத்துக்கொண்டிருந்த மெத்தையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"சார், இந்த நூல் விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"ஒட்டும்மா, ஒட்டு. காத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். நுனியோடு நின்றது போய் இப்போது ஒரு முழத்துக்கு நின்றது. கிட்டே போய்ப் பார்த்திருக்கலாம். அதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அதைப் பையிலேயே வைத்திருந்தார் மனுஷர்.

"இன்னும் ரெண்டு முழம்!"

வால் கனத்து மூக்கு தூக்கியது. முன்னால் மணல் மூட்டை வைத்தார்கள். கார் வாசலில் திரும்ப மறுத்தது. சுவரை இடித்தார்கள்.

"காரு செய்யிறியா, ரயில் செய்யிறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் முதலாளி.

வெள்ளிக்கிழமை கடைசி ஓட்டம். மூன்று முழ வாலும் முள்ளம்பன்றியாக நின்றது.

எர்சிலியோ இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாவம், கண் கலங்கிவிட்டது. "தோத்துட்டேன் ஆர்ஜியாம்மா. கடைசியில காத்து என்னை ஜெயிச்சிருச்சு."

ஆர்ஜியாம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"காத்தை ஏன் சார் திட்டுறீங்க? என் வீட்டுக்காரர் ஸ்வெட்டரை முழுசாப் பிரிச்சும் வால் நுனிக்கு நூல் பத்தலைன்னு மெத்தைக்கு அடைக்கிற விறைச்ச குதிரைமுடியை ஒட்டினேன். நீங்க நீட்ட நீட்ட, நானும் அதையே ஒட்டிக்கிட்டு வந்தேன்."