களி கிண்டவிடாத கரண்டு அடுப்பு

ஏரியூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் சிலம்பரசன் அவர்களுக்கு,

தீர்த்தன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா அம்பிகாவும் குழந்தை வெண்மதியும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. ‘மாப்ளே’ என்று கூப்பிடுகிறவன் இன்று ‘அவர்களுக்கு’ போட்டிருக்கிறேன். என் கோபம் எத்தனை டிகிரி என்று புரிந்துகொள்ளவும். போனில் பேசினால் சிரித்தே ஆளைக் கவிழ்த்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பொங்கல் சீராக ஓர் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினீர்களே, அது அடுப்பா? களி கிண்டத் துடுப்பைப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினால் அடுப்பு வழுக்கிக்கொண்டு வாசல்வரை போகிறது. சரி, நம் சீர்ப்பொருளாயிற்றே என்று தரையில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அடுப்பை அழுந்தப் பதித்து வைத்தேன். அசையவில்லை. ஆனால் ஐந்தே நிமிடம், அனலாகச் சூடேறி, கீக் கீக் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. நான் சும்மா இருந்தேனா? குண்டான் இந்த அடுப்புக்கு ஒத்துவருமா என்று காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன், பிளக்கை மாற்றினேன், வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேனை அடுப்புக்குத் திருப்பிவிட்டு நான் வேர்வையில் குளித்தேன். பென்னாகரத்தில் கவுஸ் பாஷா ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அவர் மேஜைமேல் முக்கால் மணி நேரம் சமர்த்தாக ஓடி, கடையில் இருந்த எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறது! “அடுப்புல ஒரு கொறையும் இல்லீங்கண்ணா, காத்தோட்டமா வெச்சுப் பாருங்க” என்றார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பழையபடி சாக்கில் பதித்து, நாலு ஜன்னலையும் திறந்து வைத்தேன். மறுபடி கீக் கீக். ஒன்பது நாளாக அரைவேக்காட்டுக் களி தின்று என் வயிறு கல்லாகிவிட்டது.

முடிவாகச் சொல்கிறேன். புதன்கிழமை வெண்மதி காதுகுத்துக்கு நீங்கள் வர வேண்டாம். தாய்மாமன் மடிக்கு வேறு மடி பார்த்துக்கொள்கிறேன். “எந் தம்பி இல்லாத காதுகுத்து எனக்கு வேணாங்க” என்று உங்கள் அக்கா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அடுப்பு நாளை பஸ்ஸில் திரும்பி வரும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
ஏ. தீர்த்தன்

பின்குறிப்பு: திருப்பி அனுப்புவதற்காக உங்கள் அக்கா அடுப்பைத் தூக்கினாள். சாக்கில் வட்டமாகப் பதிந்த தடம். அடுப்பைக் கவிழ்த்தால் அதே இடத்தில் ஒரு குட்டி ஃபேன். “மூக்கப் பொத்திப்புட்டா அது கத்தாம என்னாங்க பண்ணும்?” என்றாள். இரண்டு செங்கல்மேல் வைத்து அவளே கிண்டினாள், குண்டானை நான் பிடித்துக்கொண்டேன். களி வேகும்வரை அடுப்பு ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். என் அறிவு அவள் தம்பிக்கும் தெரிய வேண்டுமாம், அவளே தபாலில் போடுவாளாம். மாப்ளே, கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும். உங்கள் மடியில் குழந்தை உட்கார்ந்த பிறகுதான் என் தட்டில் களி விழுமாம்.