கொலுப்படியில் டிராகன்

“சாப், இந்த டப்பாவுக்குள்ள நிறைய மண்டையோடு தெரியுது,” என்று இந்தியில் சொன்னார் வாசலில் இருந்த பாதுகாப்பு ஜவான்.

ராஜாராமன் எக்ஸ்-ரே திரையை எட்டிப் பார்த்தார். மண்டையோடு மட்டுமில்லை. கத்தி, கோடரி, ஈட்டி, நடுவில் இறக்கையை மடக்கிக்கொண்டு பெரிதாக ஏதோ ஒன்று. கதிகலங்கி நின்ற அந்த நேரத்திலும் ஒரு நொடி அவருக்கு மனசு குளிர்ந்தது. டிராகன் உடையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் ராஜாராமன் அண்டர் செக்ரட்டரி. எந்தக் கோப்பு வந்தாலும் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதில் பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பைத்தியம் உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது. நாலு வீரர்கள் பாதாளக் குகைக்குள் இறங்கி, பகடை உருட்டி, பூதங்களையும் எலும்புக்கூடுகளையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதையலோடு வெளியே வருகிற போர்டு கேம். ஒவ்வொரு பூதத்துக்கும் விரல் உயரத்தில் ஒரு பொம்மை. மெட்ரோவில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கும்போது அவர் விதிப் புத்தகம் படிப்பார். எந்தக் குகையில் எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம்.

திறக்கத்தான் ஆள் இல்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கரோல் பாக்கிலிருந்து நண்பர் சுப்பு தன் டப்பாவோடு வந்துகொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு வீரர்களை எடுத்துக்கொண்டு ஆடுவார்கள். சுப்புவுக்கு ஷில்லாங்குக்கு மாற்றலானதும் ஆட்டம் நின்றுவிட்டது. ராஜாராமன் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு நாலு பேர் சேராமலா போவார்கள் என்று ஒவ்வொரு டப்பாவாக வாங்கி, பிரிக்காமல் பரண்மேல் ஏற்றினார். முழங்கால் வலி வந்த பிறகு பரண் ஏறுவதும் போயிற்று. கீழே நின்று அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வதோடு சரி.

ஆறாவது டப்பா வந்த அன்று அவர் மனைவி விசாலாக்ஷி சொல்லிவிட்டாள்.

“இருக்கறதையே நீங்க பிரிக்கலை. இன்னும் ஒண்ணு இந்த ஆத்துக்குள்ள வந்துதுன்னா, எல்லாத்தையும் சேர்த்துப் பழைய சாமான் எடுக்கற கபாடிவாலாகிட்ட போட்டுடுவேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். அவருடைய ஸ்கூட்டர் அப்படித்தான் போயிற்று. ராஜாராமன் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இந்த டிராகன் வந்துதான் அவரைக் கவிழ்த்தது. வீட்டு விலாசம் கொடுக்க முடியாது என்பதால் அலுவலக விலாசத்தைக் கொடுத்திருந்தார்.

“என்ன சாப் இது?” என்றார் ஜவான் மறுபடி.

“பொம்மை.”

“குழந்தைகளுக்கா? இவ்வளவு கத்தியோடவா?”

“இல்லை... பூஜைக்கு. நவராத்திரி இல்லையா? எங்க பக்கம் பொம்மை வெச்சுக் கும்பிடுவோம். கொலு.”

நல்ல பொய்தான். ஜவானும் டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்த்தி வைத்தார். ஆனால் கொலு என்ற சொல் காதில் விழுந்தால் நின்றுவிடுகிற ஒருவர் அதே நேரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தார். டைரக்டர் லட்சுமணன். காலையில் நெற்றி நிறைய விபூதி இல்லாமல் ஒரு கோப்பில்கூடக் கையெழுத்துப் போடாதவர்.

“புது பொம்மையா? பேஷ்! வருஷத்துக்கு ஒண்ணாவது புதுசு வெக்கணும்னு சாஸ்திரம். தில்லில எங்கே கிடைக்கறது?”

“தபால்ல வரவழைச்சேன் சார்.”

“வாங்கோ, நானே கார்ல கொண்டுவிடறேன்.”

“வேண்டாம் சார். இங்கேயே பீரோவுல வெச்சுட்டு அப்புறமா...”

“அரே! அம்பாளைக் கோப்போட கோப்பா பீரோவுலயா வெப்பா?”

டப்பா டைரக்டரின் மடியில் ஏறிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் புறப்பட்டது. ராஜாராமன் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்த விசாலாக்ஷியிடம், ராஜாராமன் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் சொல்லிவிட்டார். “உங்காத்துக் கொலுவுக்குப் புது பொம்மை வந்திருக்கு மாமி! பிரிங்கோ, பார்த்துட்டே போறேன்.”

விசாலாக்ஷி டப்பாவைப் பார்த்தாள். மேல் அட்டைப் படத்தில் கொம்பு முளைத்த ஒருவன் பல்லை இளித்துக்கொண்டிருந்தான். பிறகு கணவரைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட ராஜாராமனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து பிளாஸ்டிக் உறையைச் சர்ரென்று கிழித்தாள்.

அப்படி ஒரு டப்பாவை முதல் தடவை பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கை அலம்பி, மேஜை துடைத்து, நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பி, உள்ளிருந்து வருகிற புது மணத்தை ஒரு தரம் முகர்ந்து... அதெல்லாம் நேரம் எடுக்கிற சமாசாரம். இங்கே நெளிந்த கத்தி ஒரே இழுப்பில் முடித்துவிட்டது.

எலும்புக்கூடுகள் வரிசையாக வெளியே வந்தன.

“இதெல்லாம் யாரு?” என்றார் டைரக்டர், குனிந்து பார்த்து.

“பூதகணங்கள் சார். இது பாதாள லோகம் செட்.”

“அச்சா! தாடியும் தடியுமா நிக்கறாரே, இவர்?”

பிணங்களை எழுப்பிப் படை திரட்டுகிற துர்மந்திரவாதி அவர். “ரிஷி,” என்றார் ராஜாராமன்.

“இந்தப் பெரிய பாம்பு?”

“காளிங்கன்.”

“காளிங்கனுக்கு ஏது இறக்கை?”

“அது... வடக்கே அப்படித்தான். இமயமலைப் பக்கத்து மரபு.”

டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு டிராகனைக் கும்பிட்டார். “நாளைக்குப் பட்டுவைக் கூட்டிண்டு வரேன். அவ கோஷ்டி மொத்தமும் வரும். இப்படி ஒரு செட்டை அவா பார்த்திருக்கவே மாட்டா. ஆனா ஒண்ணு, எல்லாம் ஏன் சாம்பல் கலரா இருக்கு?”

“வர்ணம் நாமதான் அடிச்சுக்கணும் சார்.”

“அப்போ அடிச்சுடுங்கோ. நாளைக்கு உங்களுக்கு லீவு.”

பட்டு என்பது டைரக்டரின் மனைவி. அவளும் விசாலாக்ஷியும் இன்னும் இரண்டு மாமிகளும் புதன்கிழமை மத்தியானங்களில் இந்த வீட்டில் கூடி லலிதா சஹஸ்ரநாமம் சொல்வார்கள். தில்லித் தமிழ் வட்டாரத்தில் அவர்கள் பக்திக்கு ஒரு மரியாதை உண்டு.

டைரக்டரின் கார் போனதும் ராஜாராமன் மெல்லச் சொன்னார். “அவர் பார்த்தாச்சு. போதும். திரும்ப டப்பாவுல போட்டுடறேனே? நாளைக்கு ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்.”

அதற்குள் விசாலாக்ஷி எலும்புக்கூடுகளை ஐந்தாம் படியில், செட்டியார் கடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டிருந்தாள்.

“படியேறின பொம்மையை விஜயதசமிக்கு முன்னால எறக்கப்படாது,” என்றாள்.

எலும்புக்கூடுகளை முன்னால் விட்டு, துர்மந்திரவாதியை செட்டோடு வந்த ஒரு தூணுக்குப் பின்னால் ஒளித்து, டிராகனைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாள். ராஜாராமன் அசந்துபோனார். சுப்புவுக்கு இந்த வியூகம் பிடிபட ஒரு வருஷமாயிற்று. இவள் அழகுக்கு வைத்தது தற்செயலாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். “கபாடி...” என்று ஆரம்பித்தார். “கொலு முடியட்டும், பேசிக்கலாம்,” என்றாள். ‘பேசவும்’ என்று எழுதினால் கீழே உள்ளவனுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கொலுப்படிக்கு முன்னாலேயே வர்ணம் அடிக்க உட்கார்ந்தார். இதிலும் அவருக்குக் கனவு இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கிற வீடியோக்களை வருஷக்கணக்கில் பார்த்தவர். முதல் பூச்சு, காய விடுதல், நிழல், விளிம்புக்கு வெளிச்சம், ஒரு பொம்மைக்கு ஒரு வாரம். கையில் இருந்ததோ ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்த பச்சை எனாமல். டிராகனுக்கு அதைத்தான் அடித்தார். பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி கழன்று டிராகனின் மூக்கில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப்போனார், மூக்கு வழவழவென்று ஆகிவிட்டது.

எலும்புக்கூடுகளுக்கு வர்ணம் போதவில்லை.

“விபூதி இருக்கே,” என்று விசாலாக்ஷி ஊதுவத்திக் குச்சியால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பட்டை இழுத்தாள். மந்திரவாதிக்கு ரிஷி என்று பெயர் ஆகிவிட்டதால் ருத்திராட்சமும், டிராகனுக்குச் சந்தனமும் குங்குமமும் வந்தன. கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. உலகத்தில் எந்த வீரனும் இப்படி ஒரு டிராகனைக் கண்டு வாளை உருவ மாட்டான். ராஜாராமனுக்கு அழுகை வந்தது. சுண்டலுக்குத் தேங்காய் துருவச் சொன்னாள், போய்த் துருவினார்.

சாயங்காலம் டைரக்டர் வந்தார். பின்னால் பட்டு மாமி, இன்னும் இரண்டு மாமிகள், சிவப்பும் பச்சையுமாகப் பட்டுப்புடவையில். கீழ் வீட்டு சர்மாவும் மனைவியோடு வந்து நின்று டிராகனுக்குக் கைகூப்பினார்.

மாமிகள் ஐந்தாம் படிக்கு முன்னால் போனதும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். பட்டு மாமி மந்திரவாதியைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வைத்தாள். பெரியவர்களை எப்படி அதிர வைத்துவிட்டோம் என்று ராஜாராமன் குன்றிப்போனார்.

“என்ன பட்டு, பேச்சே காணோம்?” என்றார் டைரக்டர்.

“பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் பட்டு மாமி. குரல் நடுங்கிற்று.

“பார்த்தேளா ராஜாராமன், மெய்சிலிர்த்துப் போயிட்டா! நானும் ராத்திரி பூரா யோசிச்சேன். இது ஒரு ஆத்துக்குள்ள முடங்கிக் கிடக்க வேண்டிய விஷயமில்லை. கோயில் கமிட்டில பேசிட்டேன். விஜயதசமி முடிஞ்ச கையோட செட்டு மொத்தத்தையும் கோயிலுக்குக் கொடுத்துடறோம். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, உங்க பேர் போட்டு ஒரு கல்வெட்டு. வருஷா வருஷம் நீங்களே வந்து இமயமலை மரபைப் பத்தி ஒரு மணி நேரம் சொற்பொழிவு பண்ணணும்.”

சர்மா கை தட்டினார்.

ராஜாராமன் டிராகனைப் பார்த்தார். இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கியது. ஒரு தரம்கூடப் பகடை உருட்டவில்லை. அதற்குள் கண்ணாடிப் பெட்டி. பச்சை எனாமல் காயாத மூக்கோடு அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கொடுக்க முடியாது சார்,” என்றார்.

“என்னது?”

“இது கொலு பொம்மையே இல்லை சார். அது ரிஷி இல்லை, பிணத்தை எழுப்பற துர்மந்திரவாதி. காளிங்கனும் இல்லை, டிராகன். இமயமலை மரபெல்லாம் நீங்க கேட்டப்போ நான் கட்டினது. இது விளையாட்டு சாமான். குழந்தைக்கு இல்லை, எனக்கு. நான் விளையாட வாங்கினேன்.”

சர்மாவின் தட்டிய கை மெல்லக் கீழே இறங்கிற்று. டைரக்டரின் முகத்தில் விபூதி மட்டும்தான் பழைய இடத்தில் இருந்தது.

ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. “பரண்மேல இன்னும் ஆறு டப்பா இருக்கு. எல்லாம் பிரிக்காம இருக்கு. ஆட நாலு பேர் வேணும் சார். சுப்பு போனதுக்கு அப்புறம் இந்தத் தில்லில எனக்குன்னு ஒருத்தர் இல்லை. இத்தனை பெரிய ஊர்ல, உட்கார்ந்து பகடை உருட்ட மூணு பேர் கிடைக்கலை. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இது பிடிச்சிருக்கு. விசாலம், நீ சொன்னபடி நாளைக்கே கபாடிவாலாவைக் கூப்பிடு. ஆறையும் எடுத்துண்டு போகட்டும். இந்த டிராகனை மட்டும் விட்டுடு.”

விசாலாக்ஷி சுண்டல் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கியிருப்பதை ராஜாராமன் முதல் தடவையாகப் பார்த்தார். அவள் பட்டு மாமியைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற இரண்டு மாமிகளும் தலையை ஆட்டினார்கள்.

பட்டு மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐந்தாம் படிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏழாவது ஒருவழியா வந்துதே, அதைச் சொல்லுங்கோ! சஹஸ்ரநாமம்னு பேர் பண்ணிண்டு, பரண்மேல இருக்கற ஆறையும் புதன்கிழமை புதன்கிழமையா நாங்க நாலு பேரும் ஆடித் தீர்த்துட்டு, அடுத்ததை இந்த மனுஷர் எப்போ வாங்குவார்னு போன வருஷத்துலேர்ந்து காத்துண்டிருக்கோம்!”