முனி வளைவில் நீலச் சுண்ணாம்பு

நான் ஏறினால்தான் கல் வருகிறது என்றால், நான் ஏறாத இந்தப் பதினொரு நாளும் வந்த கல்லெல்லாம் யாருக்காக வந்தது?

காளியாயி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நீலம் கலந்த சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு முனி வளைவுக்கு நடக்கையில் மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் வரிசையில் நின்றார்கள்.

அது சாமானிய வரிசையா? வெள்ளக்கடை ஜீப்புகள், ஏற்காட்டு ஜீப்புகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரெய்லர். பெங்களூரிலிருந்து கூடார வண்டியை இழுத்து வந்த கார்க்காரர்கூட செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கல்கட்டு, கல் வராமல் கட்டிவைக்கும் மூட்டை.

வாழவந்திச் சாலையைக் கொத்திப் போட்டு, ஜல்லி பரப்பி ஐந்து மாதம் ஆகிறது. தார் வரவில்லை. தாருக்குப் பதில் சாமியார் வந்தார். டிரெய்லர் கோத்த ஜீப் ஜல்லியில் போனால் பின்கண்ணாடி நொறுங்குகிறது. பின்னால் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் கல் வந்தால் எறிந்தது முனிதான். இதற்கு மேல் யோசிக்க ஒருத்தருக்கும் பொழுதில்லை. வரிசையில் நிற்க மட்டும் பொழுதிருந்தது.

கறுப்புக் கயிற்றில் எலுமிச்சை, நடுவே ஓட்டை விழுந்த ஒரு கல். இந்த மூட்டையைச் சாமியார் ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுவார். அங்கே ஏற்கெனவே இரண்டு போல்ட் உண்டு. ஒரு காலத்தில், சக்கரத்துச் சேறு தெறிக்காமல் இருக்க மட்பிளாப் ரப்பர் மாட்டியிருந்த போல்ட். வளைவில் உரசுகிறது என்று ஜீப்காரர்கள் ரப்பரை அறுத்து எறிந்துவிட்டார்கள். மூட்டைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நாற்பத்தெட்டு நாள் ஜல்லியில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும். முனியின் தூக்கம் கலையக் கூடாதாம். ஊர்ந்து போகும் சக்கரம் எந்தக் கல்லைக் கிளப்பும்? கண்ணாடி தப்பியவர்கள் மூட்டையைக் கும்பிட்டார்கள். சூலத்தில் தொங்கிய க்யூஆர் அட்டை நாள் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்தது.

எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கும் பெண்களை ஏற்றிப் போகிறவன் சத்யராஜ். மூட்டை கட்டிய இரண்டாம் நாளே, நேரமாகிவிட்டதென்று மிதித்தான். கண்ணாடி நொறுங்கி, பின்சீட்டில் இருந்த புவனேஸ்வரியின் புருவம் கிழிந்தது. சாமியாரிடம் ஓடினான். அவர் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டியில் தாலியறுத்தவள் யாராவது ஏறுகிறாளா என்று கேட்டார். காளியாயி ஏறுகிறாள். நாலு வருடமாக ஏறுகிறாள். முனிக்கு இப்போதுதான் தகவல் போயிருக்கிறது.

அன்று அவளை இறக்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேர நடை. தினமும் அரைநாள் கூலி. திங்கட்கிழமையும் பிந்தினால் பெயரை அடித்துவிடுவேன் என்று எஸ்டேட்டில் பேரேடு எழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார்.

முதல் மூன்று நாள் அவளும் நம்பினாள். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. புவனேஸ்வரியின் தையலைப் பார்த்து, தன் மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று விலகி உட்கார்ந்தாள். ஊர் சொன்னதைவிட, ஊர் சொன்னதைத் தனக்குள் தானே திருப்பிச் சொல்லிக்கொண்டதுதான் அசிங்கமாக இருந்தது.

நாலாம் நாள் சத்யராஜின் ஜீப் அவளைத் தாண்டிப் போனது. உள்ளே உட்கார்ந்திருந்த வரையில் தெரியாதது ஓரத்தில் நின்றபோது தெரிந்தது. பின்சக்கரம் ஒரு கல்லைக் கிளப்பியது. கல் டிரெய்லரின் முன்தகரத்தில் டங்கென்று மோதியது. மோதிய வேகத்தில் திரும்பி ஜீப்பிலேயே அடித்தது. பஞ்சர் கடை உசேனிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, ஜல்லி போட்ட நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறேன், ரப்பர் மாட்டச் சொன்னால் எலுமிச்சை வாங்கப் போகிறார்கள் என்றார்.

இப்போது வளைவில் அவளை வாளியோடு கண்டதும் வரிசை ஒதுங்கியது. உசேன் பழைய டயர் ரப்பரோடு முன்னமே வந்து நின்றார். சத்யராஜ் இரண்டாவது மூட்டைக்காக முதல் ஆளாக நின்றான். கண்ணாடி போன இடத்தில் பலகை அடித்திருந்தான்.

அவள் சாமியாரிடம் மெதுவாகவே கேட்டாள். "ஏனுங்க சாமி, முனி எங்கிருந்துங்க எறியறாரு?"

"அதோ, அந்தப் பாறை மேலருந்து."

"வழியில எதுலயும் படாதுங்களா?"

"முனி எறிஞ்சா நேரா கண்ணாடிக்குத்தான் வரும்."

"அது போதுமுங்க."

சத்யராஜின் டிரெய்லர் முன்தகரம் முழுக்க நீலச் சுண்ணாம்பை அப்பினாள். புது மூட்டையைக் கட்டிக்கொண்டு எப்போதும் போகிற வேகத்தில் ஒரு சுற்று போய்வரச் சொன்னாள். சத்யராஜ் தயங்கினான்.

"நான் ஏறல. இங்கயே நிக்கறேன். அப்பறமென்ன பயம்?"

போய் வந்தான். பலகையில் ஒன்பது நீலப் பொட்டு. பாறையிலிருந்து நேராக வந்த கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியது யார்? கூட்டம் சாமியாரைப் பார்த்தது.

"முனிக்கு நீலம் புடிக்கும்" என்றார் சாமியார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தார்கள்.

உசேன் மூட்டையைக் கழற்றி, அதே போல்ட்டுகளில் ரப்பரை மாட்டினார். காளியாயி பலகையைத் துடைத்துத் தகரத்துக்கு மறுபடி சுண்ணாம்பு பூசினாள். பிறகு கேட்காமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதே சாலை, அதே வேகம். திரும்பி வந்தபோது பலகையில் ஒரே ஒரு பொட்டு. தகரத்தின் மேல் சாக்கைத் தொங்கவிட்டால் அதுவும் தெறிக்காது என்றார் உசேன்.

கூட்டத்தில் நின்ற புவனேஸ்வரிக்கு அப்போதுதான் ஓரத்தில் கிடந்த சாமியாரின் காரைக் குனிந்து பார்க்கத் தோன்றியது. "அடேங்கப்பா, நாலு சக்கரத்துக்கும் புது ரப்பருங்கோ. மூட்டையத்தான் காணம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை நெடுக ஓடிற்று. சாமியார் சூலத்தையும் அட்டையையும் காருக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டார். நடை வேகத்தில் அல்ல.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊருக்குப் புத்தி வந்துவிட்டதென்று சொல்லியிருக்கலாம். கலைந்த வரிசை மறுபடி சேர்ந்தது. இந்த முறை காளியாயிக்கு முன்னால். வெள்ளக்கடை ஜீப்காரர் ஒருவர் கற்பூரத்தைக்கூட ஏற்றிவிட்டார். டிரெய்லர் சக்கரத்துக்கும் உசேனிடம் ஒரு ஜோடி ரப்பரை வாங்கிக்கொண்டு, ஸ்பானரோடு பவ்யமாக வந்து நின்றான் சத்யராஜ்.

"நாளைக்கு மொதோ ஆளா நீங்கதான் ஏறோணும்க்கா. இதையும் உங்க கையாலயே மாட்டி உட்ருங்க. நொம்ப ராசியான கை."

அவள் அவனைப் பார்த்தாள். பதினொரு நாளைக்கு முன்னால் வண்டியை விட்டு இறங்கச் சொன்ன அதே முகம். அதே நம்பிக்கை, துளியும் குறையாமல்.

"நாளைக்கு ஏறிக்கறேன் சத்யராஜு. இத நீயே முடுக்கு" என்றாள். "ராசி பாத்து எந்தப் போல்ட்டும் இறுகாது. அதுக்கு முன்னால இந்த ரப்பரு எதுக்குன்னு ரெண்டு நிமிசம் ரோசன பண்ணு."

நீட்டிய ஸ்பானரை அவள் வாங்கவில்லை.