கர்ப்பு விஷயமாக ஒரு போன்

சைக்கிளிலிருந்து விழுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கவனிக்காமல் விழுகிறவர்கள் ஒரு வகை. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எதனால் விழுவோம் என்று நாலு பேருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் அதே கோணத்தில் விழுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம். புகுந்த வீடு ஸ்ரீரங்கம். வேலை, புத்தூரில் ஒரு கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில். ஆற்றங்கரையோரம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் பொதுவாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். அது பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. (பொறுப்பு என்றால் ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஒரு அளவு டேப். அதிகாரம் என்று எதுவும் கிடையாது.)

பாதையை இரண்டாகப் பிரிக்க நடுவில் நீளமாக ஒரு கல்வரிசை பதித்திருந்தார்கள். தடுப்புக்கல் என்று அழகாகத் தமிழில் சொல்லலாம். சைட்டில் யாரும் சொல்வதில்லை. ஆங்கில ‘கெர்ப்’ தேய்ந்து, அங்கே அதற்குப் பெயர் ‘கர்ப்பு’. நாலு விரல் உயரம். பாதையும் சாம்பல் நிறம், கல்லும் சாம்பல் நிறம். கண்ணில் படாத அளவுக்குத் தாழ்வு, சக்கரம் ஏறாத அளவுக்கு உயரம். நேராக வந்து மோதினால்கூடத் தப்பிக்கலாம். பக்கவாட்டில் லேசாக உரசினால் முன்சக்கரம் கல்லோடு சறுக்கிக்கொண்டு போகும். சைக்கிள் சாய்ந்துவிடும், நாம் மட்டும் பயணத்தைத் தொடர்வோம்.

கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர் செல்வம் சாரிடம் இதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். நடைப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் சைக்கிளுக்கும் திறப்பு, பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வரப்போகிறார்கள். அதற்குள் கல்லை மாற்றியாக வேண்டும் என்று கடைசி முறையாகப் பேசிப்பார்க்கப் போனேன்.

“இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா மேடம்?” என்றார்.

“சைக்கிளே இன்னும் விடலையே சார். யார் விழறது?”

“அதான் நானும் சொல்றேன். ஒருத்தர்கூட விழல.”

செய்து காட்டிவிடுவது என்று வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டேன். மனதுக்குள் வழக்கம்போல் வரிசை போட்டேன். ஒன்று, மெதுவாக வருவது. இரண்டு, கல்லை ஒட்டித் திரும்புவது. மூன்று, உரசுவதற்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடிப்பது. நான்கு, நிதானமாக இறங்கி விளக்குவது.

வாட்ச்மேன் சைக்கிளில் பிரேக் இருந்தது. பிடிக்கும் பழக்கம்தான் அதற்கு இல்லை.

நடைப் பக்கத்தில் காலை நேரத்துச் சிரிப்புப் பயிற்சிக்காரர்கள் வட்டமாக நின்று, கையைத் தூக்கி மூச்சை இழுத்திருந்தார்கள். நான் வட்டத்தின் நடுவில் போய் விழுந்ததும், அவர்கள் மூச்சை விட்டதும் ஒரே நேரம். “ஹா! ஹா! ஹா!” தொடங்கிய சுற்றை நடுவில் நிறுத்தக் கூடாதாம். ஓர் அம்மா “அடிபட்டுருச்சாம்மா? ஹா ஹா! ரத்தம் வருதா? ஹா ஹா!” என்று கேட்டபடியே என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது. செல்வம் சாரின் முகம் வெளுத்துவிட்டது. “நீங்க சொன்னது கரெக்ட்டு மேடம். இன்னிக்கே எடுத்துட்டு, சரிவான கல்லா போட்டுடறேன்” என்றார். மண்ணில் உட்கார்ந்தபடியே நான் வென்றுவிட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நல்ல மனதோடு என் போனிலிருந்து என் மாமியாருக்கு அவரே தகவல் சொன்னார். அத்தை பின்னால் சொன்னதையும் சேர்த்தால் பேச்சு இப்படி:

“அம்மா, சைட்லேருந்து செல்வம் பேசறேங்க. பயப்படாதீங்க. கர்ப்பு விஷயமா உங்க மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

“கர்ப்பமா! எத்தனை மாசங்க?”

“மூணு மாசம் ஆச்சுங்க. மேடம் ஆரம்பத்துலேருந்தே வேணாம் வேணாம்னுதான் சொன்னாங்க. நாங்கதான் கேக்கல.”

“நாங்கன்னா?”

“நானும் கான்ட்ராக்டரும்ங்க. முழுப் பொறுப்பும் எங்களோடதுதான். இன்னிக்கே எடுத்துடறோம்.”

நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. தொழில்நுட்ப ரீதியாக அவர் சொன்னது அத்தனையும் சரி.

எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்தபோது அத்தை, கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தார்.

“யாருங்க இங்க செல்வம்? எடுக்கவே கூடாது, சொல்லிட்டேன்!”

“இல்லங்கம்மா, மேடம்தான் எடுக்கணும்னு...”

“சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்!”

செல்வம் சார் முகத்தில் ரத்தம் திரும்பியது. “பாத்தீங்களா மேடம்? பப்ளிக்கே இருக்கட்டும்ங்கறாங்க. அப்ப விட்டுடலாமா?”

கைக்குக் கட்டுப் போடுவதற்குள் வெற்றி கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் பதறினேன். “அத்தை, தெரியாம பேசாதீங்க. அதை விட்டா எத்தனை பிள்ளைங்கன்னு நினைக்கறீங்க!”

அத்தை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒண்ணுக்கு மேலயா?”

அதற்குள் இந்தப் பேச்சைக் கேட்ட நர்ஸ் வெளியே வந்து, “கர்ப்பமா இருந்தா முன்னாடியே சொல்லணும்மா. டெஸ்ட் பண்ணாம எக்ஸ்ரே எடுக்க முடியாது” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “கர்ப்பம் இல்லீங்க, கர்ப்பு! கல்லு!” என்று கத்தினேன்.

“கல்லா? கிட்னியிலயா?” என்றார் நர்ஸ்.

கடைசியில் செல்வம் சார் தன் போனை நீட்டினார். ரெக்கார்டுக்காக எடுத்த படமாம். (எப்போது எடுத்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.) சாம்பல் பாதை, சாம்பல் கல், பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நான், சுற்றிலும் வாய்கொள்ளாத சிரிப்போடு ஊர்ப் பெரியவர்கள். அத்தை படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“கல்லே தெரியலையே. எங்க இருக்கு?”

“அதாங்க அத்தை பிரச்சினை.”

அத்தை மெல்ல எழுந்தார். “இதை யாரு போட்டது?”

செல்வம் சார் வகுப்பில் நிற்பதுபோல் கையைத் தூக்கினார்.

“பிள்ளைங்க வர்ற பாதைன்னு சொல்றா. இன்னும் எடுக்காம இங்க நின்னு என்ன பண்றீங்க?”

மாதக்கணக்காக நான் எழுதிய குறிப்புகளுக்கு அசையாத கல், அன்று சாயங்காலத்துக்குள் பெயர்ந்தது. இப்போது அங்கே சரிவான விளிம்பு, மேலே வெள்ளைப் பெயின்ட். பிள்ளைகள் அதன்மேல் ஏறி இறங்கிப் பறக்கிறார்கள்.

நஷ்டம் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே அத்தை என் மூன்று நாத்தனார்களுக்கும் போன் செய்து முடித்திருந்தார். அடுத்த வருஷம், நாள் தள்ளிப்போன விஷயத்தைக் கூச்சத்தோடு அடுக்களையில் போய்ச் சொன்னபோது, அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “சிமென்ட்டா, நெசமாவா?”

என் மகளுக்கு நாங்கள் தேடித்தேடி ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறோம். அது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் வழங்குகிறது. வீட்டில் அவளை எல்லோரும் கூப்பிடுவது ‘ஒரிஜினல்’.